வாய்க்குள் இருப்பவள்

வெள்ளவத்தை,
கொழும்பு.
12.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

துக்க வீட்டில் பொங்கல் கிடையாது என்று தெரியும். ஆனாலும் பிள்ளை யதுஷாவுக்கு ஒரு சட்டையாவது எடுத்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இங்கே சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய்.

என் நம்பரை நீங்கள் பிளாக் பண்ணி வைத்திருக்கிறீர்கள். அதனால் கொட்டகலைக் கடைவீதியில் பைஸர் நானாவின் கடை விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். தோட்டத்து ஆபீசுக்குப் போட்டால் எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்குமோ. நாலு தலைமுறையாகக் குடியிருக்கிறோம், நம்முடைய லயத்து வரிசை வீடுகளில் ஒரு கதவுக்குக்கூட இலக்கம் கிடையாது.

உங்கள் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். அண்ணியின் கருமாதியன்று கோடாங்கி செல்லசாமியின் கையிலிருந்த உடுக்கையைப் பறித்து வாசலில் எறிந்தேன். "பேயுமில்ல, பிசாசுமில்ல. அண்ணியக் கொன்னது பல்லு" என்று சனத்துக்கு முன்னால் கத்தினேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். கத்தியது தப்பு. சொன்னது தப்பில்லை. பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவளுக்கு இவ்வளவு வாயா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது.

இப்போது எழுதுவது அதற்காக இல்லை. நேற்று பைஸர் நானா போனில் கோல் எடுத்தார். "ஒங்கட அண்ணன்ட புள்ள டொஃபி வாங்குற காசுக்குக் கராம்பு வாங்கிட்டுப் போகுது தங்கச்சி. கறிக்கா மகள் எண்டு கேட்டேன். சும்மாதான் எண்டுது" என்றார்.

கராம்பு எதற்கென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணி கடைசிக் காலத்தில் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் கொழுந்து பறிக்கப் போனார்.

பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் தங்கை,
சர்மிளா

*

மேற்பிரிவு லயம்,
கொட்டகலை.
27.01.2025

சர்மிளாவுக்கு அண்ணன் எழுதுவது.

உன் கடிதத்தைப் பைஸர் நானா கையில் கொடுத்தார். அரிசிப் பை வாங்கப் போனவனிடம் கடிதத்தையும் கொடுத்து, "பதில் போடுங்க தம்பி, பொம்பளப் புள்ள தனிய இருக்கு" என்றார். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

இங்கே மழை. சட்டை எடுத்தேன். நீலம்.

நீ நம்ப மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். அவள் வந்துவிட்டாள்.

எனக்கு ஃபேக்டரியில் ராத்திரி வேலை என்று உனக்குத் தெரியும். காலையில் வந்து படுப்பேன். யதுஷா பள்ளிக்கூடம் போகாத நாளில் அடுப்படிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வரும். "ம்ம்… ம்ம்…" என்று மூச்சோடு சேர்ந்து. அழகம்மா பல்லைப் பிடித்துக்கொண்டு முனகுவாளே, அதே இழுப்பு. பிறகு கராம்பு வாசம். எழுந்து போய்ப் பார்த்தால் பிள்ளை அடுப்புத் திட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இடது கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அழகம்மா உட்காரும் இடம். அவள் வைக்கும் கை. ரொட்டியை வலது பக்கமாகவே மெல்லுகிறாள், மெல்லும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

செல்லசாமி வந்து பார்த்தார். தாய்தான் வந்து தங்கியிருக்கிறாள், சேவல் வெட்டி ஆற்றோரம் கொண்டுபோய் விட்டால் போய்விடுவாள் என்றார். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவரே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏன் கந்தப்பா, பயமாயில்லையா?" என்றார். "அவ வீடுங்க. இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

பல்லைப் பற்றி இனி எழுதாதே. டவுனில் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தாள். மூன்று வாரம் ஆகவில்லை, காய்ச்சல், நடுக்கம், பேச்சுக் குழறி, போய்விட்டாள். பல் கொன்றது என்கிறாய். பிடுங்கினதுதான் கொன்றது. என் பிள்ளை வாயில் எவனும் இரும்பை வைக்க விட மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கந்தப்பன்

*

வெள்ளவத்தை.
09.02.2025

அன்புள்ள அண்ணா,

பதில் எழுதினீர்களே, அதுவே பெரிது. நீலச் சட்டையை நினைத்துப் பார்த்தேன். அவள் நிறத்துக்கு நன்றாக இருக்கும்.

பிடுங்கினதுதான் கொன்றது என்று எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைத் திட்டுங்கள். எங்கள் கிளினிக் டாக்டரம்மாவிடம் கேட்டு, புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுகிறேன்.

அண்ணிக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து நெஞ்சில் ஒரு வால்வு பழுது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாதம் ஒருமுறை ஊசி. ஊசிக்குப் போனால் அன்றைக்கு வேலைக் கணக்கில் பேர் விழாது, சம்பளம் இல்லை. அதனால் ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு வருசத்துக்கு ஒன்றாகி, நின்றுபோனது. பழுதான வால்வு கரடுமுரடான கல் மாதிரி. ரத்தத்தில் மிதந்து வருகிற கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும். சொத்தைப் பல்லும் சீழ் பிடித்த ஈறும்தான் அந்தக் கிருமி உள்ளே போகிற வாசல். பல்லைப் பிடுங்கும்போது வாசல் அகலத் திறக்கிறது. நெஞ்சில் பழுது இருப்பவர்களுக்கு முதலில் மருந்து கொடுத்துவிட்டுத்தான் பல்லில் கை வைக்க வேண்டும். பிடுங்காமல் விட்டாலோ ஒவ்வொரு ரொட்டித் துண்டை மெல்லும்போதும் வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். வால்வில் வளர்ந்தது துணுக்காக உடைந்து மூளைக்குப் போகும்போது பேச்சுக் குழறும். அதைத்தான் நாம் பேய் என்றோம்.

பல் பிடுங்கியவரிடம் அண்ணி நெஞ்சைப் பற்றிச் சொல்லவில்லை. பல்லுக்குப் போன இடத்தில் நெஞ்சுக்கு என்ன வேலை? அந்த ஆளும் கேட்கவில்லை. சரி, நெஞ்சு டாக்டராவது வாயைப் பார்த்தாரா? ஒருமுறை அந்தக் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். அவர் குழாயை வைத்தவுடன் அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெற்றிலைச் சிவப்புத் தெரியக் கூடாதாம், பெரியவர்கள் முகத்தில் நம் மூச்சுப் படக் கூடாதாம். பல்லில் வருத்தம் ஏதுமா என்று அவர் சிங்களத்தில் கேட்டார். "நே மாத்தயா", இல்லை ஐயா என்று கைக்குள்ளிருந்தே சொன்னார் அண்ணி. அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். துரைக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பழக்கம் அது. துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். கை மட்டும் இன்னும் இறங்கவில்லை. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு மனுசி அழுகிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. இதை நினைத்தால் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரிவதில்லை. அதனால் எல்லார் மேலும் கோபப்படுகிறேன்.

நாம் என்ன சாப்பிட்டோம் அண்ணா? காலையில் கோதுமை ரொட்டி, சம்பல், உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ. மத்தியானம் அதே ரொட்டி, அதே சீனி. பசியை மறக்க வெற்றிலை. கீரையில் இருக்கும் ஒரு சத்தை வாயிலுள்ள நல்ல கிருமிகள் எடுத்து மாற்றிக் கொடுக்குமாம், அதில் ரத்தக் குழாய்கள் இளகி பிரஷர் குறையுமாம். டாக்டரம்மா இதைச் சொன்னபோது சிரிப்புத்தான் வந்தது. இடுப்பளவு பச்சைக்குள் நாள் முழுக்க நிற்கிற சனம் நாம், வாய்க்குள் பச்சை போவதில்லை.

இனி யதுஷா. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அண்ணி வேலைக்கு நடுவில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு ஓடி வருவார். கங்காணி கூப்பிடுவதற்குள் பால் கொடுத்து, ரொட்டியைத் தன் வாயில் மென்று கூழாக்கி அவள் வாயில் வைப்பார். எல்லாத் தாயும் அங்கே அப்படித்தான். தாயின் வாயிலிருந்த சொத்தைக் கிருமி அப்படித்தான் பிள்ளை வாய்க்குக் குடிபோகுமாம்.

ஆகவே நீங்கள் எழுதியது பொய் இல்லை. அண்ணி போகவில்லை. அவர் வாயில் இருந்தது இப்போது யதுஷாவின் வாயில் உயிரோடு இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. போன வாரம் ஒரு பேஷண்ட் கராம்பு மணக்க வாயைத் திறந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

போன வருசம் யதுஷாவுக்கு முழங்கால் வீங்கிக் காய்ச்சலும் வந்தது. கிட்டி விளையாடி விழுந்துவிட்டாள் என்று எண்ணெய் தேய்த்தீர்கள். அதுவும் மூட்டுக் காய்ச்சலாக இருந்தால்? ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர் மூச்சு விடுகிற இடத்தில் அது ஒருவரோடு நிற்காது. பல்லைப் பிறகு பார்ப்போம். முதலில் நெஞ்சைப் பார்க்க வேண்டும். நான் லீவு போட்டு வருகிறேன். சேர்ந்து போவோம்.

தங்கை,
சர்மிளா

*

மேற்பிரிவு லயம்.
10.03.2025

சர்மி,

வராதே.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீ படித்தவள், எழுதியது சரியாகத்தான் இருக்கும். நான் அதில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டேன். அவள் பிள்ளை வாயில் உயிரோடு இருக்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். செல்லசாமியும் அதைத்தான் சொன்னார். ஊர் முழுக்கப் பேய் என்றபோது கத்தின நீயும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறாய். பிறகு ஏன் அவளைப் பிடுங்கி எறியச் சொல்கிறாய்?

கொஞ்ச நாளாகச் சாயங்காலத்தில் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. பயப்படாதே, விடிந்தால் இறங்கிவிடும். அழகம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. சூட்டில் பேசுகிறாள். நேற்று நான் வேலைக்குக் கிளம்பும்போது "கூடையக் காணோம், நேரமாச்சு" என்று எழுந்து உட்கார்ந்தாள். குரலும் அவள் குரல். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு மலைக்குப் போக வேணாம் அழகு, படு" என்றேன். சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன். பரவாயில்லை.

அழகம்மா உயிரோடு இருந்தபோது நான் அவளோடு இவ்வளவு பேசினதில்லை. அவள் பகலில் வேலை, நான் இரவில். வாசலில் ஒருவரையொருவர் தாண்டிப் போவோம், அவ்வளவுதான். இப்போது பேசுகிறேன். சீனியைப் பற்றி எழுதியிருந்தாய். அவளுக்குத் தேத்தண்ணியோடு உள்ளங்கைச் சீனி இல்லாமல் முடியாது. கொடுக்கிறேன்.

உனக்கு இது விளங்காது. கல்யாணம் ஆகட்டும்.

கந்தப்பன்

*

பெரியாஸ்பத்திரி, பிள்ளைகள் வார்டு.
21.03.2025

அண்ணா,

இது பைஸர் நானா கையில் வரும். இங்கே ஒரு வேலையாக வந்திருக்கும் அவருடைய மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். யதுஷா என்னோடு இருக்கிறாள்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறினேன். "சாயங்காலத்தில் உடம்பு சுடுகிறது" என்ற வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் விட மாட்டீர்கள் என்று நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அத்தை என்று டீச்சருக்குத் தெரியும், அனுப்பினார்; பிறகு உங்களுக்குச் சேதி சொல்லிவிடுவதாகவும் சொன்னார். பிள்ளையை உங்களிடம் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நெஞ்சில் பழுது இருக்கிறது. தாய்க்கு இருந்த அதே வால்வு. ரத்தத்தில் கிருமி இறங்கிவிட்டது. இன்னும் சில வாரம் பிந்தியிருந்தால் பேச்சுக் குழறியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கை நரம்பில் மருந்து ஏறுகிறது. பல வாரம் ஏற வேண்டும். காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருக்கிறது. இடது பக்கத்துப் பற்களை மருந்தின் காப்போடு இங்கேயே எடுத்துவிட்டார்கள். சம்மதம் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

பல்லை எடுப்பதற்கு முந்திய நாள் அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உங்களுக்குத் தெரியாமல் இருப்பது அவளுக்கு நல்லதில்லை.

"எல்லாப் பல்லையும் எடுத்துருவாங்களா அத்தை?" என்று கேட்டாள். வலிக்கிறதை மட்டும்தான் என்றேன். "ஒண்ண மட்டும் விடச் சொல்லுங்க" என்றாள். ஏனென்று கேட்டேன்.

"வலிச்சாத்தான் அப்பா பேசுவாரு."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முதலில் நிஜமாகவே வலித்தது. முனகினாள். நீங்கள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கருமாதிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தீர்களாம். அதற்குப் பிறகு வலி குறைவான நாளிலும் கராம்பை வாயில் போட்டுக்கொண்டாள். அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். நீங்கள் அழகு என்று கூப்பிட்டபோது அவளுக்குப் பயமாக இருந்ததாம். ஆனாலும் சிரித்தாளாம். "கூடையக் காணோம்னு சொன்னது நானா அம்மாவான்னு எனக்குத் தெரியாது அத்தை" என்றாள்.

வலி தாங்க முடியாதபோதும் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பல்லைப் பிடுங்கிவிடுவீர்கள், அம்மா போய்விடுவார், நீங்கள் மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவீர்கள் என்று.

வாருங்கள் அண்ணா. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் அவளாகவே பேசுங்கள். அது ஒன்றுதான் இனி மருந்து.

சர்மிளா

*

மேற்பிரிவு லயம்.
17.04.2025

தங்கச்சி சர்மிளாவுக்கு,

சித்திரைப் பிறப்புக்கு ஆஸ்பத்திரியில் பால்சோறு கொடுத்தார்களா? அவளுக்குச் சர்க்கரை வைத்துக் கொடுக்காதே.

நீ எழுதியதெல்லாம் சரி. தூக்கிக்கொண்டு போனதும் சரி. உன்மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளை உயிர் உன்னால்தான் நிற்கிறது என்று பைஸர் நானாவிடமும் சொன்னேன், செல்லசாமியிடமும் சொன்னேன். கடைசியில் அவள் சொன்னதை எழுதினாயே, அதை மட்டும் என்னால் ஒரு தரத்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

நான் வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். வந்தேன்.

கடிதம் கிடைத்த மறுநாளே வந்தேன். அவளுக்குக் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். வார்டு வாசலில் காவலுக்கு நின்றவர் யாரைப் பார்க்க என்று சிங்களத்தில் கேட்டார். மகளை என்றேன். பேர் என்ன என்றார். சொன்னேன். அவர் உள்ளே போய் நர்ஸ் நோனாவிடம் கேட்டுவிட்டு வந்து, அப்படியொரு பிள்ளை இங்கே இல்லை என்றார். இருக்கிறாள், நன்றாகப் பாருங்கள் என்று சத்தம் போட்டேன். நர்ஸ் நோனா வெளியே வந்து பேரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். தமிழில் பொறுமையாகக் கேட்டார். "அழகம்மாங்கிறது யாருங்க? பிள்ளையோட அம்மாவா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளையின் பேரைக் கேட்டால் என் வாயில் அதுதான் வந்திருக்கிறது. இரண்டு தரம் கேட்டு, இரண்டு தரமும்.

கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்தேன். உட்கார்ந்து உன்னோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழகம்மாவுடையது இல்லை. நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அது யாருடைய சிரிப்பு என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவளுடையது என்று உறைக்க அவ்வளவு நேரம் ஆனது. கொய்யாவை நர்ஸ் நோனாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நீ கொடுத்ததாக அவள் நினைத்திருக்கலாம். அப்படியே இருக்கட்டும்.

இப்போது பகலில் சத்தமே இல்லை. நன்றாகத் தூங்கலாம். தூங்குவதில்லை. அடுப்படிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். ஏதாவது வராதா என்று இருக்கிறது. இப்படிப்பட்டவனிடம் பிள்ளையை அனுப்பாதே. அவள் இங்கே வந்து ஒரு நாள் தலைவலி என்று முனகினாலும் நான் ஓடிப்போய் அழகம்மாவைத்தான் தேடுவேன். பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். மறுபடியும் எனக்காக எதையாவது வலிக்க வைத்துக்கொள்ளும்.

கொழும்பில் உன்னோடு வைத்துக்கொள். பள்ளிக்கூட லீவிங் சர்டிபிகேட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், பைஸர் நானா வாங்கி அனுப்புவார். மாத ஊசியை ஒரு மாதமும் விடாதே, அதற்காக உனக்கு எத்தனை நாள் பேர் விழாமல் போனாலும் போகட்டும். கீரை கொடு. அப்பா எங்கே என்று கேட்டால் வேலை அதிகம் என்று சொல்.

எனக்குக் கடிதம் போடாதே. உன் எழுத்தைப் பார்த்தால் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று முதலில் தேட மாட்டேன், காய்ச்சல் வந்ததா என்று தேடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இங்கே தினமும் வேலைக்குப் போகும்போது வழியெல்லாம் யதுஷா, யதுஷா என்று சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. யாராவது திடீரென்று கேட்டாலும் அந்தப் பேர் வருகிற நாளில் நானே பஸ் ஏறுவேன்.

அண்ணன்,
கந்தப்பன்